கடை மூடியாச்சு, ஒய்பி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் ஒருவர் தேர்தலில் ஜெயித்தால் போதும், அன்றைக்கே அவர் ஒய்பி. மாண்புமிகு என்பதற்கு மலாயில் ‘யாங் பெர்ஹொர்மாட்’ என்று முழு மரியாதையையும் வாய் நிறையச் சொல்ல யாருக்கு நேரமிருக்கிறது? ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் நாலு பேர் ஒய்பி என்று கூப்பிட்டுக் கைகுலுக்கிவிடுவார்கள். தோற்றவருக்கு அந்த மரியாதை அன்று ராத்திரியே பறிபோகும். அரசியலமைப்பு என்ன சொல்கிறது, பதவி எந்த நிமிடத்தில் கைமாறுகிறது என்றெல்லாம் பரோட்டா மாதிரி வீசிச் சுடும் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து யாரும் கேட்பதில்லை. ரம்லாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுடைய கடை இன்றைக்கும் அங்கே நின்றிருக்கும்.

ரம்லா பொந்தியான்காரி. அவளுடைய அத்தா தொண்டியிலிருந்து கப்பலேறி வந்து, பொந்தியான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மீ ரெபுஸ் நூடுல்ஸ் விற்றே நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர். நஜ்முதீனுக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்கூடாய் வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருக்கும் தாமான் குடியிருப்புக்கு எதிரே, பெரிய கால்வாயை ஒட்டி, தகரக்கூரை போட்ட ஏழு கடைகள் வரிசையாக இருந்தன. அதில் கடைசியில் இருந்த ரொட்டிக்கடை அவர்களுடையது. நஜ்முதீன் ரொட்டிக் கல்லில் நிற்பான், ரம்லா டால்ச்சாக் குழம்பும் சம்பாலும் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நோன்பு மாதத்தில் நஜ்முதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்த மறுநாள் ரம்லா கடையைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பொம்பளை ஒருத்தி ரோட்டோரத்தில் நின்று மாவு வீசினால் குடும்ப மானம் என்ன ஆவது என்று கேட்டார்கள். அந்தக் குடும்ப மானம் அரிசி வாங்கித் தந்ததா என்று இவள் திருப்பிக் கேட்டாள். முதல் வாரம் அவள் வீசிய ரொட்டியெல்லாம் கிழிந்தது. மாணவர்கள் கிழிந்த ரொட்டியையே குழம்பில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, நல்லாயிருக்கு ஆன்ட்டி என்று பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யில் அவள் தொழில் கற்றுக்கொண்டாள்.

மகன் ஆகில் தலையெடுத்து, விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, “போதும் உம்மா, வீட்ல இருங்க, நான் பாத்துக்கறேன்,” என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் வீட்டில் இருந்தால் அவள் மகன் வீட்டில் இருக்கும் உம்மா. கடையில் நின்றால் அவள் ரம்லா. இந்த வித்தியாசம் ஆகிலுக்குப் புரியவில்லை, அவளுக்கும் அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கென்று இருந்தது அந்தத் தகரக்கூரை ஒன்றுதான்.

அந்தக் கூரைக்கு அடியில் இருந்த நிலமோ அரசாங்கத்தினுடையது. தற்காலிக உரிமம். ஆண்டுதோறும் ஊராட்சி அமலாக்கக்காரர்கள் வந்து, ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம், காலி செய்யுங்கள் என்பார்கள். ஆண்டுதோறும் சட்டமன்ற உறுப்பினர் சுகுமாறன் ஒரு போன் போடுவார். அவர் வெறும் உறுப்பினர் மட்டுமல்ல, ‘எக்ஸ்கோ’ என்கிற மாநில ஆட்சிக்குழுவிலும் அமைச்சர் மாதிரி இருந்தார். நிலம், ஊராட்சி எல்லாம் அவர் பார்வையில் வரும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் லாரி திரும்பிப் போய்விடும்.

அந்த ஒரு வார்த்தைக்கு ரம்லா கொடுத்த விலை யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை தீபாவளி, நோன்புப் பெருநாள் எல்லாவற்றையும் சேர்த்துச் சுகுமாறன் ஒரு விருந்து வைப்பார். ஏழு கடைக்காரர்களையும் மேடையில் ஏற்றி வரிசையாக நிற்கவைப்பார். ஒரு வருடம் மைக்கை ரம்லா கையில் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்று காதோரமாகச் சொல்லியும் கொடுத்தார். “ஒய்பி இல்லன்னா நான் இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்பேன்,” என்று அவள் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆகில் தட்டிலிருந்த பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். மகன் முதுகைப் பார்த்தபடி அவள் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பட்ட சூடு ஆறவே இல்லை.

நிரந்தரமாக ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டால் “பாக்கலாம் ரம்லா” என்பார். இரண்டு பதவிக்காலமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிரந்தர இடம் கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் மேடையில் யாரை நிறுத்துவது?

இப்படி இருக்கும்போதுதான் பிரையன் வந்தான். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தேவாலயம், பள்ளிக்கூடம் என்று வளர்ந்து, வழக்கறிஞராகி ஸ்கூடாயில் குடியேறிய கிறிஸ்தவப் பையன். அந்தத் தேர்தலில் சுகுமாறனை எதிர்த்து நின்ற எதிர்க்கட்சி வேட்பாளர். தொண்டர்களோடு அவள் கடைக்கு வருவான், மேசையைத் தானே துடைத்துக்கொண்டு உட்காருவான். ஒருநாள் அவள் நிலக்கதையைச் சொன்னதும், “ஆன்ட்டி, உங்களுக்கு வேண்டியது இன்னொருத்தர் போடற போன் இல்ல. உரிமை,” என்றான்.

உரிமை என்ற சொல்லை அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. ரம்லாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறுநாளே கூரையைச் சுற்றிப் பிரையன் கட்சிக் கொடிகள் பறந்தன. பக்கத்துக் கடையில் நாசி லெமாக் தேங்காய்ச்சோறு விற்கும் காக் யா மட்டும், “கொஞ்சம் அடங்கி இரு, நாளைக்கு யார் ஜெயிப்பாங்கன்னு தெரியாது,” என்று மலாயில் எச்சரித்தாள். ரம்லா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பிரையன் ஜெயித்தான். அவனை முதலில் ஒய்பி என்று கூப்பிட்டது ரம்லாதான். கடையில் இருந்த பாலெல்லாம் தீரும்வரை எல்லாருக்கும் சும்மாவே தே தாரேக் தேநீர் ஆற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை சுகுமாறன் வந்தார், தனியாக. எப்போதும் பின்னாலேயே வரும் பட்டாளம் விடிவதற்குள் பிரையன் வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருந்தது. வழக்கமான மூலை மேசையில் உட்கார்ந்து, “ரம்லா, ஒரு தே தாரேக், இனிப்பு கம்மியா. ரெண்டு ரொட்டி,” என்றார்.

கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவிய மாவு உருண்டைகள் தட்டு நிறைய இருந்தன. ரம்லா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“கடை மூடியாச்சு, ஒய்பி,” என்றாள்.

அந்த ஒய்பியை அவள் இழுத்த இழுப்பில் பக்கத்து மேசை மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுகுமாறன் மாவு உருண்டைகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார்.

“சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. ஏதாச்சும் அவசரம்னா என்கிட்ட வா. இன்னும் கொஞ்ச நாளைக்கு நான்தான்.”

“அலமாக், தோத்த பிறகும் ஆசை விடல பாரு லா,” என்றான் ஒரு பையன். ரம்லாவும் சிரித்தாள். இத்தனை வருடத்தில் அவள் மனம்விட்டுச் சிரித்த காலை அதுதான். அல்லா அவளை மன்னிக்கட்டும், அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வாரமே அமலாக்கக்காரர்கள் வந்தார்கள். ரோட்டு வேலை தொடங்கப் போகிறது, ஏழு கடையும் காலி செய்ய வேண்டும், கொஞ்ச நாள்தான் தவணை என்றார்கள். காக் யா அழுதாள். ரம்லா அழவில்லை. “நம்ம ஒய்பி இருக்காரு,” என்று எல்லாருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பிரையனைப் பார்க்கப் போனாள்.

பிரையன் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினான். அவன் விளக்கிய விதத்தில் கொஞ்சம் ரசனைகூட இருந்தது. சட்டம் படித்தவர்களுக்கு வீடு எரியும்போதும் நெருப்பின் நிறம் கண்ணில் படும்.

“ஆன்ட்டி, நான் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். ஆனா சபை கூடி, நான் பதவிப் பிரமாணம் எடுக்கற வரைக்கும் உள்ள உக்கார முடியாது, பேச முடியாது. ஒரே ஒரு வேலைதான் பிரமாணத்துக்கு முன்னாடி செய்யலாம். சபாநாயகரத் தேர்ந்தெடுக்கலாம். ஏன்னா அவர் முன்னாலதானே நாங்க பிரமாணம் எடுக்கணும்? அவரே இல்லன்னா எப்படி எடுக்கறது?”

“அப்ப ஒரு ஆளத் தூக்கிப் பெரிய நாற்காலியில உக்கார வைக்க முடியும். ஒரு லாரிய நிறுத்த முடியாது. அப்படித்தானே ஒய்பி?”

“லாரிய நிறுத்தறதுக்கும் போன் போட்டேன் ஆன்ட்டி. ‘வாழ்த்துகள் ஒய்பி’ங்கறாங்க. பிரமாணம் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி போன வச்சுடறாங்க.”

“அந்தச் சபை எப்பதான் கூடும்?”

“மாநிலத்த ஆளப்போற மந்திரி பெசார் யாருன்னு முதல்ல முடிவாகணும். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்ல. ஜொகூர் பாருல பேசிக்கிட்டிருக்காங்க.”

“அதுவரைக்கும் இந்த மாநிலத்துல ஒரு வார்த்தை சொல்ல ஆளே கிடையாதா? யார்கிட்டதான் நான் போறது?”

பிரையன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். “கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி. நான் இருக்கேன்ல,” என்றான். அவள் நம்பி எழுந்து வந்தாள்.

மாநிலத் தலைநகர் ஜொகூர் பாருவின் ஹோட்டல்களில் பேச்சு நீண்டுகொண்டே போனது. தவணை முடிந்த காலையில் லாரிகளும் மண்வாரி இயந்திரமும் வந்து நின்றன. பிரையன் வராமல் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றான். அவனைச் சுற்றி நாலைந்து கைபேசிகள் படம் எடுத்தன. அமலாக்க அதிகாரி அவனுக்கு மரியாதையாகத் தலை குனிந்தார்.

“மாஃப், ஒய்பி. பெலும் அங்காட் சும்பா,” என்றார். மன்னிக்கணும், இன்னும் பிரமாணம் எடுக்கவில்லையே என்று அதற்கு அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கிண்டலே இல்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

பிரையன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒதுங்கினான். முதலில் இடிந்தது ரம்லாவின் கூரை, அதிலிருந்த கட்சிக் கொடிகளோடு சேர்த்து. அன்று வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த ஆகில் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தான். ரொட்டிக் கல்லைத் தூக்க அவன் ஒருவனால் முடியவில்லை. உதவிக்கு ஆள் பார்ப்பதற்குள் அது லாரியில் ஏறிப் போய்விட்டது. “உம்மா, வாங்க வீட்டுக்குப் போலாம்,” என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். அவளுக்கோ அது தீர்ப்பு மாதிரி கேட்டது.

கல்லை மீட்க ஊராட்சிக் கிடங்குக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று வந்த அதே அதிகாரிதான் அங்கே இருந்தார். அவளிடம் எத்தனையோ காலை ரொட்டி தின்றவர். குற்ற உணர்ச்சியோ என்னவோ, நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“காக், ஏன் பழைய எக்ஸ்கோகிட்டப் போகல?” என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கேட்டார்.

தோற்றவரிடம் எதற்குப் போக வேண்டும் என்று ரம்லா கேட்டாள். அவர் ஆச்சரியப்பட்டார். சட்டமன்றம் கலைந்தாலும் ஆட்சிக்குழு கலையாது காக், என்றார். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. புது மந்திரி பெசார் பதவியேற்கும்வரை பழையவர்கள்தான் இடைக்காலமாக உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தாலும் அவர்கள்தான், தோற்றாலும் அவர்கள்தான். புதிதாகப் பெரிய முடிவு எதுவும் எடுக்க மாட்டார்கள், ஆனால் நடக்கிற ஒன்றை நிறுத்திவைக்கலாம். சுகுமாறன் ஒரு போன் போட்டிருந்தால் நாங்கள் வந்தே இருக்க மாட்டோம். நாங்களும் அந்த போனுக்குத்தான் கடைசிவரை காத்திருந்தோம்.

அவர் இதைச் சொன்ன அன்றைக்குப் புது மந்திரி பெசார் பதவியேற்று இரண்டு நாள் ஆகியிருந்தது. சுகுமாறன் இப்போது நிஜமாகவே யாரும் இல்லை. ரம்லா கல்லை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

சுகுமாறன் வீட்டு வாசலில் கார் இருந்தது, ஓட்டுநர் இல்லை. அவரே வந்து கதவைத் திறந்தார். அவர் மனைவி சாந்தினி எதுவும் கேட்காமல் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“குடி ரம்லா. எங்க வீட்டுல எப்பவும் கடை மூடறதில்ல,” என்றார் சுகுமாறன்.

அவள் குவளையைத் தொடவில்லை. “லாரி வரப்போறது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ஃபைல் என் மேசையிலதான் கெடந்துச்சு.”

“அப்புறம்?”

“நீ வருவேன்னு காத்திருந்தேன். வந்து ஒரு வார்த்தை கேட்டா போதும்னு இருந்தேன். நான் சொல்லிட்டுத்தானே வந்தேன், இன்னும் கொஞ்ச நாளைக்கு நான்தான்னு? நீங்கள்லாம் சிரிச்சீங்க.”

“ஒரு தே தாரேக்குக்காகவா?”

“எத்தன வருஷம் ஒனக்காக போன் போட்டிருக்கேன்? தோத்த மறுநாள், ஒருத்தன் தனியா வந்து உக்காந்திருக்கான். ஒரு வாய் தண்ணி குடுக்க ஒனக்கு மனசு வரல.” அவர் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை.

ரம்லாவுக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. மறுகணமே மேடையும் மைக்கும் ஆகிலின் முதுகும் ஞாபகத்துக்கு வந்தன.

“எத்தன வருஷம் ஒங்க மேடையில நான் நின்னிருக்கேன்? அதெல்லாம் எதுல சேத்தி?” என்றாள். “சரி, நான் ஒங்கள அவமானப்படுத்துனேன். என் கடைய இடிச்சீங்க. காக் யா என்ன பண்ணா? மத்தவங்க என்ன பண்ணாங்க? ஒங்களுக்குக் கடைசிவரைக்கும் சலாம் போட்டவங்கதானே அவங்க?”

அந்த ஆறு பேரைச் சுகுமாறன் நினைத்தே பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் காத்திருந்தது ஒரே ஒருத்திக்காக. திரும்பி வரும் வழியெல்லாம் ரம்லாவுக்கு வயிறெரிந்தது. யார்மேல் எரிகிறது என்றுதான் தெரியவில்லை. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. காக் யாவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது?

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பேரங்காடியின் உணவுக்கூடத்தில் யாரோ ஒருவனுடைய கடையில் ரொட்டி வீசும் வேலை கிடைத்தபோது, அதே இடத்தில் காக் யா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ரம்லாவிடம் அவள் பேசவில்லை. கூரை முழுக்கக் கொடி கட்டியது யார், மாவை முன்னால் வைத்துக்கொண்டு கடை மூடியாச்சு என்றது யார் என்று அவளுக்கும் தெரியும்.

ஒருவழியாகச் சட்டமன்றம் கூடியது. ஆகில் கைபேசியில் நேரலை போட்டுக் காட்டினான். பிரையன் முதலில் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கக் குரல் கொடுத்தான், பிறகு அவர் முன்னால் எழுந்து நின்று பிரமாணம் எடுத்தான். குரல் கணீரென்று இருந்தது. ரம்லா மாவை உருட்டிக்கொண்டே பார்த்தாள்.

அன்று மாலையே பிரையன் அழைத்தான். பழைய கடை இடத்துக்கு வரச் சொன்னான். விழா உடையைக்கூட மாற்றவில்லை, தலையில் சொங்கோக் தொப்பி. கூடவே படம் எடுக்கும் பையன்கள். கடைகள் இருந்த இடத்தில் செம்மண்ணும் சக்கரத் தடமும்தான் இருந்தன. ரோட்டு வேலையை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

“ஆன்ட்டி, பிரமாணம் எடுத்த உடனே நேரா இங்கதான் வந்திருக்கேன். சபையில என் முதல் கேள்வியே ஒங்க கடையப் பத்தித்தான்,” என்றான்.

“ஒண்ணு கேக்கறேன் தம்பி,” என்றாள் ரம்லா. அவனை அவள் தம்பி என்றதே அதுதான் முதல் தடவை. “லாரி வந்தப்ப, பழையவரு கையில இன்னும் அதிகாரம் இருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியுமா?”

பையன்கள் கைபேசியைத் தாழ்த்தினார்கள். பிரையன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டான்.

“தெரியும் ஆன்ட்டி.”

“அன்னிக்கு யார்கிட்டப் போறதுன்னு கேட்டேனே.”

“அவர்கிட்டப் போய் நில்லுங்கன்னு எப்படிச் சொல்றது? மறுபடியும் அதே மேடை, அதே கும்பிடு. அதுக்கா நாம ஜெயிச்சோம்?”

“நாம ஜெயிக்கல தம்பி. நீங்க ஜெயிச்சீங்க. குனிஞ்சு பழகுன முதுகு என்னோடது. இன்னொரு தடவ குனியறதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? உரிமைன்னு சொன்னீங்களே, அது அதுதானே?”

பிரையன் தலை குனிந்தான். கெட்ட பிள்ளை இல்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. பேச்சை மாற்றவோ அவளைச் சமாதானப்படுத்தவோ, எத்தனையோ காலை அந்த இடத்தில் சொன்ன அதே பழக்கத்தில் வாய்தவறிச் சொன்னான்: “வாங்க ஆன்ட்டி. உக்காந்து ஒரு தே தாரேக் குடிச்சிட்டுப் பேசுவோம்.”

ரம்லா செம்மண்ணைப் பார்த்தாள். தன் கல் இருந்த இடம் எது, மூலை மேசை இருந்த இடம் எது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“கடை மூடியாச்சு, ஒய்பி,” என்றாள்.

இந்த முறை அது பொய் இல்லை.